திக்லிபூர் மரமும் அதனுள் இருந்த நீரும்

2002 செப்டம்பர் 14 அதிகாலை நான்கு மணியளவில் வட அந்தமானில் நிலம் அதிர்ந்தது. 6.5 அளவுள்ள அந்த நிலநடுக்கம் ஆய்வேடுகளில் ‘திக்லிபூர் நிலநடுக்கம்’ என்ற பெயராலேயே குறிக்கப்படுகிறது. பின்னர் அங்கு சென்று பார்வையிட்ட கான்பூர் ஐஐடி பொறியாளர்களின் பதிவுகளில் ஒரு செய்தி தெளிவாக இருந்தது. கட்டுச்சுவர்க் கட்டடங்களும் கான்கிரீட் கட்டடங்களும் பல இடங்களில் சேதமடைந்திருந்தன. பழைய முறையில் கட்டப்பட்ட மரச்சட்ட வீடுகள் பெரும்பாலும் தாங்கி நின்றன.

அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான், அதே ஆண்டு மே 7 அன்று, அந்தமான் காடுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்திருந்தது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளுக்காக 1995இல் டி.என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கு, காலப்போக்கில் நாடு முழுவதற்குமான வன வழக்காக விரிந்திருந்தது. அந்த வழக்கில், சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து வந்த ஆணை அது. தீவுகளிலிருந்து பெருநிலத்துக்கு மரம் கொண்டுசெல்லும் வணிகம் அத்துடன் முடிவுக்கு வந்தது. தீவுவாசிகளின் மெய்யான தேவைக்கு மட்டுமே மரம் என்பது விதியாயிற்று.

ஆக, ஒரே ஆண்டில் மரம் தன் வலிமையைக் காட்டியது. அதே ஆண்டில் அது ஏற்றுமதிச் சரக்கு என்ற நிலையையும் இழந்தது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் இணைக்கும் எளிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு மரத்துண்டினுள் எவ்வளவு நீர் இருக்கிறது? சட்டத்தின் வலிமை, கழுந்தின் இறுக்கம், பலகையின் ஆயுள், சரக்கின் எடை, கப்பலின் கூலி ஆகிய அனைத்தும் அந்தக் கேள்வியின் விடையைச் சார்ந்தவை. அந்த விடையைக் காண ஆய்வகங்கள் கைக்கொண்ட முறைகளின் வரலாறு, அந்தமான் காட்டு வணிகத்தின் வரலாற்றோடு சேர்ந்தே நடந்திருக்கிறது.

1858இல் தண்டனைக் குடியிருப்பாகத் தொடங்கிய போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) 1883இல் வனத்துறை அமைந்தது. சாத்தம் தீவின் மர அறுப்பாலையும் அதே ஆண்டுக்குரியது. முதலில் கைதிகளும், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்த தொழிலாளர்களும் மரம் வெட்டினர். யானைகள் கட்டைகளை ஓடைக்கரைக்கு இழுத்து வந்தன. அங்கிருந்து தெப்பமாகக் கட்டப்பட்டுக் கடல்வழியே கட்டைகள் சென்றன. மிதக்காத கனமான கட்டைகளை மிதக்கும் கட்டைகளோடு பிணைத்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. மரத்தினுள் உள்ள நீரைத் தீவின் தொழிலாளர்கள் முதன்முதலில் ‘அளந்தது’ இப்படித்தான்: எது மிதக்கும், எது மூழ்கும் என்று.

இந்த வணிகத்தின் தலைமகன் படாக் மரம். தமிழகத்து வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் ஒரே பேரினத்து உறவு அது. சிவந்த வைரம், உலரும்போது குறைவாகவே சுருங்கும் குணம் ஆகிய இரண்டும் அதற்கு லண்டன் சந்தையில் மதிப்பைத் தந்தன. அதற்கு அடுத்த நிலையில் இருந்தது குர்ஜன். இன்று தமிழகத்து வீடுகளில் ‘குர்ஜன் பிளைவுட்’ என்ற சொல்லாக மட்டும் எஞ்சியிருக்கும் அந்த மரம், படாக்குக்கு நேர்மாறான குணமுடையது: மிகுதியாகச் சுருங்கும், எண்ணெய் கசியும்.

கப்பலேறிய பலகை லண்டனில் இறங்கும்போது வளைந்தோ வெடித்தோ இருந்தால் பழி மரத்தின் மேல் விழுந்தது. உண்மையில் பழி மரத்தினுடையது அன்று. அது முழுதும் உலர்வதற்கு முன்பே அனுப்பப்பட்டதுதான் காரணம். ‘பச்சை மரம்’, ‘பதமான மரம்’ என்ற வேறுபாட்டைத் தச்சர்கள் காலங்காலமாக அறிந்திருந்தனர். தட்டினால் எழும் ஓசை, கையில் தூக்கிப் பார்க்கும் கனம், இழைப்புளியில் சுருளும் சீவலின் தன்மை ஆகியவை அவர்களுடைய அளவுகோல்கள். ஆனால் இந்த அறிவு தச்சரின் கையோடு இருந்தது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்கும் வாங்குபவருக்கு அதை எழுதி அனுப்ப முடியாது. எழுதி அனுப்பத்தக்கது எண் ஒன்றே.

அந்த எண்ணைக் கண்டறியும் முறை மிக எளிமையானது. மரத்திலிருந்து சிறு துண்டு ஒன்றை அறுத்து உடனே எடை போடுகின்றனர். பிறகு அதை 103 பாகை செல்சியசில் உள்ள உலர் அடுப்பில் வைத்து, இனி எடை குறையாது என்ற நிலை வரும்வரை உலர்த்துகின்றனர். முன்பிருந்த எடைக்கும் பின்பிருந்த எடைக்கும் உள்ள வேறுபாடே நீர். துண்டைப் பலகையின் முனையிலிருந்து எடுக்கலாகாது. முனை விரைவில் உலர்ந்துவிடும் என்பதால், ஒன்றேகால் அடியாவது உள்தள்ளி அறுக்க வேண்டும். அறுத்த துண்டை எடை போடாமல் மேசைமேல் விட்டுவைத்தாலும் எண் தவறிவிடும்.

கிடைத்த வேறுபாட்டை எதனால் வகுப்பது என்பதில்தான் துறைகள் பிரிகின்றன. ஈர எடை 150 கிராம், உலர்ந்த எடை 100 கிராம் என்று கொள்வோம். போன நீர் 50 கிராம். மர ஆய்வாளர் அதை உலர்ந்த எடையால் வகுத்து 50 விழுக்காடு என்பார். நெல் கொள்முதல் செய்பவர் ஈர எடையால் வகுத்து 33 விழுக்காடு என்பார். துண்டு ஒன்றே, நீரும் ஒன்றே, எண்கள் இரண்டு. இதனால்தான் புதிதாக வெட்டிய சில மரங்களின் ஈர அளவு 100 விழுக்காட்டைத் தாண்டியதாகக் கூட எழுதப்படுகிறது. படிப்பவருக்கு அது பிழைபோலத் தோன்றும். மரப்பொருளைக் காட்டிலும் நீரின் எடை மிகுதி என்பதே அதன் பொருள்.

காவிரிப் படுகை உழவர்களுக்கு இந்த வகுத்தல் கணக்கின் வலி புதிதன்று. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 விழுக்காடு என்ற வரம்புக்காக அவர்கள் மழையில் நனைந்த நெல்லோடு காத்திருப்பதும், வரம்பைத் தளர்த்தக் கோருவதும் அடிக்கடி நிகழ்வது. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு 19 விழுக்காடு வரை தளர்வு அளிக்கப்பட்டது. நெல்லின் அந்த 17 விழுக்காட்டை மர ஆய்வாளரின் கணக்கில் எழுதினால் ஏறத்தாழ 20.5 ஆகும். ஓர் எண் சந்தையில் எவ்வளவு அதிகாரம் செலுத்தும் என்பதற்குத் தஞ்சையின் களத்துமேடும் அந்தமானின் மரக்கிடங்கும் ஒரே சாட்சியத்தையே அளிக்கின்றன.

1906ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் இருவகையில் முக்கியமானது. அவ்வாண்டு தேராதூனில் இம்பீரியல் வன ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்க வனத்துறையின் ஹாரி டொனால்ட் டீமன், மரத்தின் வலிமையில் ஈரத்தின் பங்கு குறித்த தம் ஆய்வறிக்கையை வெளியிட்டார். மரத்தினுள் நீர் இருவகையாக இருப்பதை அவர் காட்டினார். ஒன்று, உயிரணுக்களின் வெற்றிடத்தில் தளர்வாக நிற்கும் நீர். மற்றொன்று, அணுச்சுவர்களோடு பிணைந்த நீர். முதல் வகை நீர் வெளியேறும்போது மரம் எடை குறையுமேயன்றிச் சுருங்காது, வலிமையும் மாறாது. அது முழுதும் தீர்ந்து, சுவர்நீர் மட்டும் எஞ்சும் எல்லைக்கு ‘நார் நிறைவுநிலை’ என்று பெயர். பெரும்பாலான மரங்களுக்கு அது 25 முதல் 30 விழுக்காடு வரை. அதற்குக் கீழே ஒவ்வொரு விழுக்காடு குறையும்போதும் மரம் சுருங்குகிறது, கூடவே வலுப்பெறுகிறது. பச்சை மரத்தை 12 விழுக்காட்டுக்கு உலர்த்தினால், நார்வழியே அழுத்தத்தைத் தாங்கும் வலிமை ஏறத்தாழ இரு மடங்காகும்.

எனவே, ஈர அளவைக் குறிப்பிடாமல் ஒரு மரத்தின் வலிமையைக் கூறுவது பொருளற்றது. தேராதூனில் இந்திய மரங்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டபோது, பச்சை நிலையிலும் உலர்ந்த நிலையிலும் தனித்தனியே முடிவுகள் பதிவு செய்யப்பட்டன. ஆர்.எஸ். பியர்சனும் எச்.பி. பிரவுனும் 1932இல் வெளியிட்ட இந்திய வணிக மரங்கள் பற்றிய பெருநூலில் அந்தமானின் மரங்களும் இடம்பெற்றன. தச்சரின் கையறிவு அட்டவணையாக மாறிய காலம் அது.

ஆனால் அடுப்பும் ஏமாறும். அதற்குத் தகுந்த சான்று அந்தமானின் குர்ஜன் மரமே. அதன் அடிமரத்திலிருந்து வடியும் எண்ணெய் தொன்றுதொட்டே பயன்பாட்டில் இருந்தது. 1870களில் போர்ட் பிளேர்த் தண்டனைக் குடியிருப்பில் டூகால் என்ற மருத்துவர் தொழுநோயுற்ற கைதிகளுக்கு அந்த எண்ணெயைக் கொடுத்துச் சோதித்தது மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற செய்தி. அந்த எண்ணெயின் ஒரு பகுதி ஆவியாகக் கூடியது. குர்ஜன் துண்டை அடுப்பில் வைக்கும்போது நீரோடு எண்ணெயும் ஆவியாக வெளியேறுகிறது. தராசுக்கு இரண்டும் எடை இழப்புதான். ஆகவே அடுப்பு சொல்லும் எண் மெய்யான நீரைவிட மிகுதியாக இருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு விடை மரத்துறைக்கு வெளியிலிருந்து வந்தது. 1920இல் அமெரிக்கச் சுரங்கத்துறையைச் சேர்ந்த டீனும் ஸ்டார்க்கும் கச்சா எண்ணெயில் கலந்த நீரை அளக்கக் கண்ணாடிக் கருவி ஒன்றை வடிவமைத்தனர். மரச்சீவல்களை டொலுயீன் போன்ற நீரோடு கலவாத திரவத்தில் இட்டுக் கொதிக்கவைத்தால், ஆவி மேலேறிக் குளிர்ந்து அளவுகள் குறித்த குழாயில் விழுகிறது. நீர் கனமானதாகையால் அடியில் தனியே தங்குகிறது. எண்ணெய் டொலுயீனில் கரைந்து நின்றுவிடுகிறது. நீரை எடையால் ஊகிக்காமல் கண்ணால் பார்த்தே அளவிடலாம். 1935இல் ஜெர்மானிய வேதியியலார் கார்ல் ஃபிஷர், நீரோடு மட்டும் வினைபுரியும் அயோடின் கலந்த வினைபொருளைக் கொண்டு இன்னும் நுண்ணிய முறையை அளித்தார். மருந்து, எண்ணெய், நெகிழிப் பொருள்களின் ஆய்வகங்களில் இன்றும் அதுவே முதன்மையான முறை.

இம்முறைகள் அனைத்துக்கும் ஒரு பொதுக்குறை உண்டு. அளப்பதற்குத் துண்டை அறுத்தாக வேண்டும். அடுப்பு முறையானால் ஒரு நாள் வரை காத்திருக்கவும் வேண்டும். மரக்கிடங்கிலோ அறுப்பாலையிலோ ஒவ்வொரு பலகையையும் அவ்வாறு சோதிக்க இயலாது. மரத்தின் மின்தடை ஈரத்தைப் பொறுத்து மிகப்பெரும் அளவில் மாறுகிறது என்பதை அமெரிக்காவின் மாடிசன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஸ்டாம் 1927இல் விளக்கினார். முற்றும் உலர்ந்த மரத்துக்கும் நார் நிறைவுநிலை மரத்துக்கும் இடையே மின்தடை பத்து லட்சம் மடங்குக்கும் மேல் வேறுபடும். அதன் அடிப்படையில் உருவானதே இரண்டு ஊசிகளைப் பலகையில் குத்தி நொடியில் எண் காட்டும் கையடக்க ஈரமானி.

அந்தமானில் அந்த ஊசிகளையும் தடுமாறச் செய்யும் பொருள் ஒன்று உண்டு: உப்பு. கடல்வழியே தெப்பமாக வந்த கட்டையின் மேற்பகுதியில் உப்புநீர் ஊறியிருக்கும். உப்பு மின்சாரத்தை எளிதில் கடத்தும். எனவே கருவி, மரம் மெய்யாக இருப்பதைவிட ஈரமாக இருப்பதாகக் காட்டும். இவ்விடங்களில் ஐயம் எழுந்தால், பழைய அடுப்புக்கும் தராசுக்குமே திரும்ப வேண்டியிருக்கிறது.

இத்தனை முறைகளும் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் திக்லிபூரின் முகமும் மாறியது. 1951இல் கல்கத்தாவைச் சேர்ந்த பி.சி. ரே நிறுவனத்துக்கு வட அந்தமான் காடுகளில் மரம் வெட்ட 25 ஆண்டுக்கால உரிமம் வழங்கப்பட்டது. அது முழுக்காலமும் நீடிக்கவில்லை. சச்சரவு நீதிமன்றம் வரை சென்றது. அதே பத்தாண்டில் கிழக்கு வங்கத்திலிருந்து இடம்பெயர்ந்த அகதிக் குடும்பங்கள் திக்லிபூர்ப் பகுதியில் குடியமர்த்தப்பட்டன. கல்பொங் ஆற்றின் சமவெளி வயலாயிற்று. 732 மீட்டர் உயரமுள்ள சாடில் சிகரத்தின் அடிவாரம் வரை ஊர்கள் எழுந்தன. ஒரே காட்டிலிருந்து இரு வகை மரம் வெளிவந்தது: ஒன்று கப்பலேறிப் போனது, மற்றொன்று குடியேறியோரின் வீட்டுத் தூணாகவும் கைமரமாகவும் அங்கேயே நின்றது.

அவ்விரண்டுக்கும் ‘உலர்ந்த மரம்’ என்பதன் பொருள் வேறு வேறாக இருந்தது என்பதே இவ்வரலாற்றின் மையம். மரம் தன்னைச் சூழ்ந்த காற்றோடு எப்போதும் நீரைக் கொடுத்தும் வாங்கியும் ஒரு சமநிலைக்கு வருகிறது. காற்றின் சார்பு ஈரப்பதம் 40 விழுக்காடாக உள்ள இடத்தில் மரத்தின் ஈர அளவு 7 அல்லது 8 விழுக்காட்டில் நிலைபெறும். ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும் கடலோரத்தில் அது 16 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் திக்லிபூரில் எத்தனை ஆண்டு நிழலில் அடுக்கி வைத்தாலும் பலகை அதற்குமேல் பெரிதாக உலராது. தீவின் தச்சருக்கு அது முழுதும் பதமான மரம். அதே பலகை வறண்ட ஊரொன்றுக்குப் போனால் இன்னும் பாதி நீரை இழக்க வேண்டிய பச்சை மரம்.

இதன் விளைவை ஒரு கணக்கால் உணரலாம். நார் நிறைவுநிலையிலிருந்து முற்றும் உலரும்வரை அகலத்தில் 9 விழுக்காடு சுருங்கும் மரம் ஒன்றைக் கொள்வோம். நிறைவுநிலை 30 என்றால், ஈரம் ஒரு விழுக்காடு குறையும்தோறும் அகலம் 0.3 விழுக்காடு குறையும். 16 விழுக்காட்டில் பொருத்திய 150 மில்லிமீட்டர் அகலப் பலகை 8 விழுக்காட்டுக்கு இறங்கினால் 3.6 மில்லிமீட்டர் சுருங்கும். தளத்தில் ஒவ்வொரு பலகைக்கும் இடையே ஒரு பென்சிலின் பாதித் தடிமன் அளவுக்கு இடைவெளி தோன்றும். வாங்கியவர் அந்தமான் மரத்தைக் குறை கூறுவார்.

இந்தியத் தர நிர்ணய விதிகள் இந்த உண்மையை ஏற்றுக்கொண்டே அமைந்தன. நாடு காற்றின் ஈரப்பதத்தை ஒட்டி நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டுச் சராசரி 40 விழுக்காட்டுக்குக் கீழே உள்ளது முதல் மண்டலம்; 67 விழுக்காட்டுக்கு மேல் உள்ளது நான்காம் மண்டலம். விட்டத்துக்கும் கைமரத்துக்கும் முதல் மண்டலத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச ஈர அளவு 12 விழுக்காடு. நான்காம் மண்டலத்தில் 20. ‘உலர்ந்தது’ என்ற சொல்லுக்கு நாடு முழுவதற்கும் ஒரே எண் இல்லை என்பதை விதியே ஒப்புக்கொண்டது.

அந்த 20 என்ற எண்ணுக்கு மற்றொரு பொருளும் உண்டு. 20 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள மரத்தில் அழுகச்செய்யும் பூஞ்சை தொடங்குவதில்லை என்பது மரத்துறையின் நெடுநாள் பாதுகாப்பு விதி. வறண்ட ஊரில் 8 விழுக்காட்டில் இருக்கும் கைமரத்துக்கும் அந்த எல்லைக்கும் இடையே 12 புள்ளி இடைவெளி இருக்கிறது. திக்லிபூரில் 16 விழுக்காட்டில் நிற்கும் கைமரத்துக்கு இருப்பது நான்கு புள்ளிகள் மட்டுமே. தகரக் கூரையின் ஓர் ஓட்டை, தரையிலிருந்து உயர்த்தாமல் மண்ணில் ஊன்றிய ஒரு தூண், மழைச்சாரலைத் தடுக்காத குறுகிய இறவாணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும், அந்த இடைவெளியைத் தின்றுவிட. அழுகிய கழுந்து நிலநடுக்கத்தைத் தாங்காது. 2002இல் நின்ற வீடுகள், மரமாக இருந்ததால் மட்டுமன்று, உலர்ந்த மரமாக இருந்துவந்ததாலும் நின்றவை என்று கொள்வதே பொருத்தம்.

1883 முதல் 2002 வரை 119 ஆண்டுகள் அந்தமானிலிருந்து மரம் வெளியே சென்றது. அக்காலமெல்லாம் அதன் ஈர அளவு பற்றிய கவலை பெரிதும் தொலைவிலிருந்து வாங்குபவரின் கவலையாகவே இருந்தது. லண்டன் சந்தையில் பலகை வெடிக்கலாகாது. வெப்ப அழுத்தத்தில் பிளைவுட் ஏடுகள் கொப்பளிக்கலாகாது. பெருநிலத்துக் கதவு நிலையில் சிக்கலாகாது. வணிகம் நின்றபின் எஞ்சியிருப்பது தீவுக்காரரின் சொந்தத் தேவை: ஒரு தூண், நான்கு கைமரம், ஒரு கதவு. வெட்ட அனுமதிக்கப்படும் மரம் குறைவு; ஆகவே கிடைக்கும் ஒவ்வொரு சட்டமும் நெடுங்காலம் நிற்க வேண்டும். மீண்டும் அதிரக்கூடிய நிலத்தில் அந்தச் சட்டம் வாங்குபவரின் மனநிறைவுக்காக அன்றி, அதன் கீழே உறங்குவோரின் உயிருக்காக அளக்கப்பட வேண்டியதாகிறது.

அதற்குத் தேவையான கருவிகள் பெரியவை அல்ல. ஒரு தராசு, 103 பாகையில் நிற்கும் ஓர் அடுப்பு, முனையிலிருந்து தள்ளி அறுத்த ஒரு துண்டு, இரண்டு முறை எழுதிய எடை ஆகியவை போதும். திக்லிபூரில் ஒரு கைமரம் கூரையேறுமுன் கேட்க வேண்டிய கேள்வி, அதனுள் இருக்கும் நீர் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறதா என்பது. கூரையேறிய பின்பும், ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும், அதே கேள்வியை மீண்டும் கேட்க வேண்டும்.